யார்டு வேலியில் வெள்ளைப் பெட்ஷீட்

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முட்டிவலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி வாலுவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வாலுவுக்கு இப்போது மூச்சு இழுப்பு இல்லை என்று போனில் சொன்னாயே, அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. ஆனால் அதோடு நிறுத்தினாயா? வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள், அந்தக் கரித்தூசிக்குள் இனி என் பிள்ளையைக் கூட்டி வரமாட்டேன் என்றாய். அப்போது வாயைத் திறந்திருந்தால் சண்டையில் முடிந்திருக்கும், அதனால் எழுதுகிறேன். வீட்டை விற்க மாட்டேன். வாலுவும் இங்கே வருவாள்.

மின்நிலையத்துக்கு வரும் நிலக்கரி லாரிகள் மூடாமல் கொள்ளாமல் நம் தெரு வழியாகப் போவதும், தெருக்கோடி யார்டில் கரி மலையாகக் குவிந்து கிடப்பதும் நீ பார்த்து வளர்ந்ததுதான். தட்டைத் துடைக்காமல் இங்கே யாரும் சாப்பிட உட்கார்வதில்லை, காய்ந்த துணியை இரண்டு உதறு உதறாமல் யாரும் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. வெள்ளைத் துணி வாங்குவதையே தெருவில் எல்லோரும் விட்டுவிட்டோம் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை, நீ பிள்ளையையும் மருந்துப் பையையும் தூக்கிக்கொண்டு பாதி லீவில் கிளம்பிப் போன பிறகுதான் உறைத்தது. பக்கத்து வீட்டு டெய்லர் அக்காவைக் கூட்டிக்கொண்டு யார்டு மேனேஜரிடம் போனேன். லாரிக்குத் தார்ப்பாய் போடுங்கள், குவியலுக்குத் தண்ணீர் தெளியுங்கள் என்றோம். அவர் தலையை நிமிர்த்தாமலே, "அது எங்க தூசி இல்லம்மா, உங்க அடுப்புப் புகையா இருக்கும்" என்றார். தெரு முழுக்க கேஸ் அடுப்பு! எனக்கு வந்ததே கோபம்.

அன்றே வெள்ளைப் பெட்ஷீட் வாங்கி, துவைத்து, யார்டு ஆபீஸ் வேலியில் கொண்டுபோய்க் காயப்போட்டேன். மறுநாள் டெய்லர் அக்கா வந்தாள், அப்புறம் மாடிவீட்டு நர்ஸ், அப்புறம் தெருவே வந்தது. உன் அப்பாதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அந்த யார்டில் கன்வேயர் ஓட்டி ரிட்டையர் ஆனவர் இல்லையா, "நமக்குச் சோறு போட்ட கரிடி அது" என்றார். "போட்டுச்சு, யாரு இல்லேன்னா? அதுக்காகத் தட்டுலயே வந்து விழணுமா?" என்று கேட்டேன். மின்நிலையத்தை மூடச் சொல்லி யார் கேட்டது, ஃபேன் நின்றால் முதலில் கத்துவது இவர்தான். மறுநாள் பார்த்தால் கிளிப் டப்பாவோடு எனக்கு முன்னால் நடக்கிறார்.

போன வாரம் பெரிய ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்தார், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. துணியைக் காட்டுங்கள் என்றார். பகல் முழுக்கத் தூசி பிடித்த பெட்ஷீட், நமக்கு இருக்கிற சாட்சியே அதுதான், அலுங்காமல் எடு என்று டெய்லர் அக்காவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? வேலியிலிருந்து எடுத்தவள், கைப்பழக்கம், அவர் முகத்துக்கு நேரே படீர் படீரென்று இரண்டு உதறு உதறிவிட்டாள்! பெட்ஷீட் வெளுத்தது, அதிகாரி கறுத்துவிட்டார். எல்லாம் கெட்டது என்று எனக்கு உயிரே போய்விட்டது. அவர் இருமிக்கொண்டே சட்டையைத் தட்டினார், தட்டத் தட்ட இன்னும் அப்பிக்கொண்டது. அப்போது உன் அப்பா, மேலதிகாரி முன்னால் ஒரு நாளும் வாய் திறக்காத மனிதர், முன்னால் வந்து, "சார், இது அடுப்புப் புகை இல்ல. வருஷக்கணக்கா நான் ஏத்தின கரி. என் பேத்தி இதைத்தான் மூச்சுல இழுத்தா" என்றார்.

இப்போது லாரிகள் தார்ப்பாய் போட்டுக்கொண்டு வருகின்றன. தண்ணீர்க் குழாய்க்குப் பார்க்கலாம் என்கிறார் மேனேஜர். பார்க்கட்டும், நாங்களும் துவைத்துக்கொண்டே பார்க்கிறோம். வேலியில் துணி போட்டால் போலீசுக்குப் போவேன் என்று வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினார். வாட்ச்மேன் அதைச் சொல்லிவிட்டு, தன் வீட்டுத் தலையணை உறையையும் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனார். போட்ட துணி போட்டபடி வெள்ளையாகக் காய்ந்து வரும்வரை நான் விடப்போவதில்லை. அதுவரை நீ பிள்ளையைக் கூட்டி வராதே, அதில் உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வீடு விற்கிற பேச்சை மட்டும் இனி எடுக்காதே.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வாலுவுக்கு வேளாவேளைக்கு மருந்து கொடு. மறக்காமல் அவளுக்கு ஒரு வெள்ளை கவுன் வாங்கி வை. அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் இந்தத் தெருவில் ஓட வேண்டும். கொஞ்சம் பெரிய அளவாகவே வாங்கு, எவ்வளவு நாள் ஆனாலும் நான் இங்கேதான் நிற்பேன்.

இப்படிக்கு,
வேலியோரத்திலிருந்து உன் அம்மா