சாட்சி என்னும் சொல் குறித்து வெண்சிப்பித்துறை நாயகர்க்கு விடுத்த ஓலை

அலை வாழ்க. அலை தாங்கும் கரை வாழ்க. கரை காக்கும் கோல் கோணாது நிற்க.

முத்தாழி நாடு பதினெட்டுத் துறையும் ஒரு குடைக்கீழ் ஆளும் கோமகளார் செங்கோட்டாழி நங்கையார் திருவுளப்படி, ஓலைநாயகம் பொன்னம்பூண்டி நாகன் தேவன் எழுதுவது. வெண்சிப்பித்துறை நாயகர், கடற்காவல் பட்டம் பெற்ற மாறவேள் கடம்பனார் கண்டு தெளிக. உம் துறையில் வலை நிறைக. உம் மனையில் விளக்குக் குறையாதிருக்க. விளக்கு என்னும் சொல்லை யாம் வாழ்த்துக்காக மட்டும் இங்கு இடவில்லை என்பதை ஓலை முடியுமுன் நீரே அறிவீர்.

உம்முடைய தை மாதத்து ஓலை வந்து சேர்ந்தது. துறைச்சபைக்குக் குடவோலை முறைப்படி எட்டுப் பேர் தெரிவானார்கள் என்றும், எண்மரும் இறையச்சம் உடையோர் என்றும், இனி வெண்சிப்பித்துறையில் வழக்கும் வம்பும் இராது என்றும் எழுதியிருந்தீர். வழக்கே இராத துறை ஒன்றை யாம் இதுவரை கண்டதில்லை. வழக்கு உரைக்க வந்தவரை வாசலில் நிறுத்திய துறைகளைக் கண்டிருக்கிறோம். ஆகவே உம் ஓலையைப் பெட்டியில் இடாமல் மேசைமேல் வைத்தோம். அன்று முதல் அது அங்கேயே கிடக்கிறது.

எம் வழக்கம் நீர் அறிவீர். ஒரு சொல் உறுத்தினால் அச்சொல் முன்பு எங்கெங்கு எழுதப்பட்டது என்று தேடுவோம். இம்முறை உறுத்திய சொல் சாட்சி.

உம் துறையின் பழைய விதியோலை தலைநகர் ஓலைச்சாலையில் ஒரு படி இருக்கிறது. அதில், குடத்தில் பெயர் இடப்படுவார்க்கு இருவர் சாட்சி வேண்டும் என்று உள்ளது. இன்னார் இவ்வூரில் குடியிருப்பவர், பிறர் பொருள் கவராதவர் என்று கண்டறிந்த இருவர் சொல்ல வேண்டும் என்பதே அதன் பொருள். நீர் அனுப்பிய படியிலோ, பெயர் இடப்படுவார் சாட்சி சொல்லியிருக்க வேண்டும் என்று நிற்கிறது. இருவர் என்னும் சொல்லைக் காணோம். இதைக் கேட்டு ஆளனுப்பியபோது, மூல ஓலையைப் பூச்சி அரித்துவிட்டது, மிஞ்சியதைப் பார்த்து எழுதினோம் என்று உம் ஊர்க்கரணத்தார் விடை சொன்னார். பூச்சி ஓலையைத் தின்னும். சொல்லைத் தேர்ந்து தின்னாது. தின்ற சொல்லுக்கு ஈடாக வேறு சொல்லை எழுதி வைத்துவிட்டும் போகாது.

சாட்சி சொல்லுதல் என்பதற்கு உம் துறையில் இன்னொரு பொருள் உண்டென்பதைப் பிறகே அறிந்தோம். போதகர் யோபுதாசன் நடத்தும் நற்செய்திச் சபையில், ஆண்டவர் தம் வாழ்வில் செய்ததை ஒருவர் எழுந்து நின்று பலர் முன் உரைப்பதற்கும் அதுவே பெயர். நல்ல வழக்கம். நொந்தவர் பலர் அங்கு எழுந்து நின்று ஆறுதல் அடைந்ததைக் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒரு சபையின் உள்ளே ஆறுதலுக்காக வைத்த சொல்லை எடுத்துவந்து, துறைச்சபையின் வாசலில் தாழ்ப்பாளாகப் போட்டவர் யார்? யாம் அறிய விரும்பியது அதுவே.

முப்பது பெயர்கள் கொடுக்கப்பட்டன. இருபத்திரண்டு தள்ளப்பட்டன. காரணமாக எழுதப்பட்டது ஒரே தொடர்: சாட்சி இல்லாதவர். எட்டுப் பேர் வேண்டிய சபைக்கு எட்டே ஓலை விழுந்த குடத்தை அத்தனை பேர் முன் எதற்காகக் குலுக்கினீர் என்பது எமக்கு விளங்கவில்லை. அம்மன் கோயில் தெருவாரும் பள்ளிவாசல் தெருவாரும் தள்ளப்பட்டது ஒருபுறம் இருக்கட்டும். தள்ளப்பட்டவர்களில் ஒருவர் கிருபையம்மாள், கடலில் மாண்ட சீமோனின் மனைவி, அதே நற்செய்திச் சபையில் பதினான்கு ஆண்டுகளாகப் பாய்விரித்து முழந்தாளிடுபவர். இறையச்சமே அளவுகோலாயின் அவர் பெயர் அன்றோ முதலில் குடத்தில் விழுந்திருக்கும்? இவ்விடத்தில்தான் எம் ஐயம் எழுந்து உட்கார்ந்தது.

சென்ற மாசியில் யாமே வந்தோம். உமக்கு அறிவிக்காமல் வந்ததற்குப் பொறுத்தருள்க. அறிவித்திருந்தால் தோரணம் கட்டியிருப்பீர். தோரணத்தின் பின்னால் ஒன்றும் தெரிந்திராது.

மீன் காயவைக்கும் திடலில் பெண்கள் உம்மைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை நற்செய்திச் சபையின் படியேறாத நீர், குடம் குலுக்குவதற்கு ஒன்பது நாள் முன்பு ஆற்றில் இறங்கி முழுக்குப் பெற்றீர் என்பதை அவர்கள் வாயால்தான் அறிந்தோம். ஒருத்தி சொன்னதை மாற்றாமல் தருகிறோம்: “முங்கையில வெறுங்கை, எந்திக்கையில எட்டு ஆசனம். நாங்களும் தெனம் முங்குதோம், ஒரு மத்தி கூட கெடைக்க மாட்டேங்கு.” ஒருவர் உள்ளம் மாறுவதை யாம் பழிக்கோம். அதன் நாளையும் நேரத்தையும் பார்த்து வியக்கிறோம், அவ்வளவே.

கிருபையம்மாளைக் கண்டு, சபையில் எழுந்து ஏன் சாட்சி சொல்லவில்லை என்று கேட்டோம். வலைநூலைவிட்டுக் கண் எடுக்காமலே விடை சொன்னார். சொன்னதை அவர் பேச்சாகவே எழுதிக்கொண்டோம். நம் நடைக்கு மாற்றினால் அதன் எலும்பு முறிந்துவிடும். “ஐயா, ஆண்டவர நான் நம்புதேன், கண்ணால பாக்கல. வெளக்கு எரியாததக் கண்ணால பாத்தேன். பாத்ததுக்குத்தான சாட்சி? நம்புதது எனக்கும் அவருக்கும் உள்ளது. அதக் காட்டி நாற்காலி கேக்கணுமாக்கும்?”

விளக்கு என்று அவர் சொன்னது கலங்கரை விளக்கம். ஐப்பசி பதினேழாம் நாள் அந்தியில் புயல் திரும்பியபோது அது ஏற்றப்படவில்லை என்கிறார். சீமோனின் படகு கரை தெரியாமல் பாறையில் மோதியது. விளக்குக் காவலர் உம் மைத்துனர் எயினன். விளக்கு எரிந்தது, படகோட்டிதான் குடித்திருந்தான் என்பது அன்று நீர் எழுதி அனுப்பிய செய்தி. கரையில் நின்று கணவனுக்காகக் காத்திருந்தவள், துறைச்சபையில் ஓர் ஆசனம் கிடைத்தால் முதலில் எழுப்பப்போகும் கேள்வி எது என்பதை ஊரில் குழந்தையும் அறியும். நீரும் அறிவீர்.

புதிய சபை கூடிய முதல் நாளின் குறிப்பையும் வாசித்தோம். அரை நாழிகை வேண்டுதல். அதன்பின் ஒரே தீர்மானம்: கலங்கரைக் காவல் இன்னும் பத்தாண்டு எயினனுக்கே. அதன்பின் மீண்டும் வேண்டுதல். ஆமென் என்று முடிகிற தீர்மானத்தை எழுந்து மறுப்பவன் யார்? மறுத்தால் எயினனையா மறுத்தான், இறைவனையா மறுத்தான் என்று ஊர் கேட்குமே. உமக்கு வேண்டியிருந்தது இறைவன் அல்லர் என்றும், அவர் நிழலில் ஒதுங்க ஓர் இடமே என்றும் எமக்குத் தோன்றுகிறது.

போதகரையும் கேட்டோம். துறைநாயகர் கண்ணீர்விட்டு வேண்டியதைக் கண்டு, நாடாள்வோர் நெஞ்சில் தம் செய்திக்கு வாசல் திறந்தது என மகிழ்ந்ததாகச் சொன்னார். சாட்சி சொன்னவர்க்கே ஆசனம் என்று பீடத்தில் நின்று அறிவித்தது தாமே என்பதை மறைக்கவில்லை. எழுதிக் கொடுத்தது நீர் என்பதையும் மறைக்கவில்லை. சீமோனின் மனைவி பெயரைச் சொன்னதும், “சபைக்குள்ள கேக்க வேண்டிய கேள்விய வெளிய ஒருத்தர் கையில கொடுத்துட்டேன்யா” என்றார். இது நேர்மையான வருத்தமா, காற்று மாறியதும் பாயை மாற்றிக் கட்டுவதா என்று யாம் இன்னும் தேறவில்லை. அவர் உம்மைப் பயன்கொள்ள நினைத்தார், நீர் அவரைப் பயன்கொண்டீர் என்பதளவில் தெளிந்திருக்கிறோம்.

இச்செய்தி தலைநகருக்கு எட்டியதும் கோமகளாரின் குலதெய்வக் கோயிலார் ஓடிவந்தார்கள். நற்செய்திச் சபைக்கூடத்தைப் பூட்ட வேண்டும், இனிக் குடத்தில் பெயரிடுவோர் தங்கள் தேவியின் சந்நிதியில் சூடம் அணைத்து உறுதி சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் முகத்தில் இருந்த மலர்ச்சி எமக்குப் பிடிக்கவில்லை. உமது திருட்டை ஒழிக்க வந்தவர்கள் போலன்றி, அதன் செய்முறையைக் கற்க வந்தவர்கள் போல இருந்தார்கள். ஒரு வாசலில் புகுந்த கள்வனுக்காக மறுவாசலைத் திறந்து வைப்பது காவலன்று என்று கோமகளார் திருவாய் மலர்ந்து அவர்களை அனுப்பிவிட்டார்.

ஆகையால் கோமகளார் ஆணை இது. தையில் தெரிவான எண்மர் சபை கலைந்தது; எயினனுக்குத் தந்த பத்தாண்டும் அதனோடு கலைந்தது. பங்குனி முழுநிலவன்று முப்பது பெயரும் குடத்தில் விழ வேண்டும். பழைய விதியோலையைத் தலைநகர்ப் படியிலிருந்து எழுதி இத்துடன் அனுப்புகிறோம். இருவர் என்னும் சொல்லைப் பெரிதாகவே எழுதியிருக்கிறோம், பூச்சி வழிதவறாதிருக்க. நற்செய்திச் சபைக்கூடம் திறந்தே இருக்கும். அதன்மேல் ஒரு கல் விழுந்தாலும் எறிந்தவன் எந்த மதத்தான் என்று கேளாமல் தண்டிப்போம். அங்கே யார் வேண்டுமானாலும் சாட்சி சொல்லலாம், அதற்குக் கூலியாக ஆசனம் இல்லை. சொல்லாதிருக்கலாம், அதற்குத் தண்டமாக ஆசனம் போகாது. துறைச்சபையில் வேண்டுதல் செய்ய விரும்புவோர் வீட்டிலேயே செய்துவிட்டு வருக.

கலங்கரை விளக்கத்தைப் பற்றிய விசாரணை பங்குனி இருபதாம் நாள் தலைநகரில் நடக்கும். கிருபையம்மாள் அதற்காக எம்முடன் முன்பே வந்துவிட்டார். ஐப்பசி பதினேழாம் நாள் அந்தியில் நீர் சுங்கச்சாவடி மேல்மாடத்தில் இருந்தீர் என்று அன்றைய உம் ஓலையே சொல்கிறது. அம்மாடத்தின் சாளரம் கலங்கரையை நோக்கியது. யாம் ஏறிப் பார்த்துவிட்டோம். ஆகவே நீரும் சாட்சி சொல்ல வருக. எதை நம்புகிறீர் என்று அங்கே ஒருவரும் கேட்கமாட்டார். எதைக் கண்டீர் என்றே கேட்பார்கள்.

நண்டும் துடுப்பும் பொறித்த கோமகளார் இலச்சினை இட்டோம். எழுத்தாணி இங்கே நிற்கிறது. ஆணை நடக்கத் தொடங்குகிறது.

அரச ஓலைக்கு இருவர் சாட்சி வேண்டும் என்பதும் பழைய விதியே. ஆதலால்,

இதற்குச் சாட்சி, எழுதியவன், பொன்னம்பூண்டி நாகன் தேவன்.

இதற்குச் சாட்சி, கண்டவள், சீமோன் மனைவி கிருபையம்மாள். இது அவர் கைக்கீறல்.