மீதி வைத்த தீனி

ஏனுங்க மாமா,

இந்த ரூம்ல இருந்து ஒரு தாள்கூட வெளிய போகக்கூடாதுங்க. அதான் எழுதிக் கண்ணாடியில ஒட்டியிருக்கேன். அங்க நின்னே படிச்சுக்குங்க.

ரத்தக்கசிவுக் காய்ச்சலுக்கு நாங்க மருந்து சோதிக்கிற எலிதான் என்னைக் கடிச்சுது. ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டிருந்த ரெண்டு கிளவுஸையும் தாண்டிப் பல்லு இறங்கிருச்சு. யார் மேலயும் தப்பில்ல, எங்க சார்கிட்டச் சத்தம் போடாதீங்க.

எந்த எலிக்கு நோய் ஏறுதுன்னு தீனித் தட்டைப் பார்த்தே சொல்லிருவோம். காய்ச்சலுக்கு முந்தியே தீனியை மீதி வெச்சிரும். மருந்து ஊசி போட்டதுல பாதி, மறுபடி தின்ன ஆரம்பிச்சிருச்சு. மத்த பாதியைப் பத்திக் கேக்காதீங்க.

அதே ஊசியைக் காலையில எனக்கும் போட்டாங்க. மனுசருக்குப் போடறது இதான் முதல் தடவை. நானேதான் கையெழுத்துப் போட்டேன், கோவிச்சுக்காதீங்க.

பாப்பாவை இங்க கூட்டிட்டு வராதீங்க. ரெட்டைச் சடை பின்ன வரலைன்னா ஒத்தையா வாரிக் கட்டி ஸ்கூலுக்கு அனுப்புங்க.

நீங்க கொண்டாந்த சோறும் கொள்ளுப் பருப்பும் வந்துச்சு. நர்ஸம்மா என் தட்டைப் பத்தி ஏதாச்சும் சொன்னாப் பயப்படாதீங்க. பருப்புல உப்புக் கம்மிங்க. அதான் மீதி வெச்சுட்டேன்.

உங்க ஊட்டுக்காரி