ஓட்டுக் குவியலில் யாரை வைத்திருந்தாய்?

என் ஆசை மாமாவுக்கு,

மார்கழி பிறந்துவிட்டது. இந்த மாதம் வந்தால் உனக்குத் தலைகால் புரியாதே! நம் திருமுல்லைவாயிலில் பனி கொட்டுவது கொஞ்ச நாள்தான். அந்தக் கொஞ்ச நாள் குளிரை நம்பிக் காலிஃபிளவரும் கோஸும் போட்ட ஆள் நம் தெருவில் நீ ஒருத்தன்தான். "இன்னா நைனா, அடுத்தது ஆப்பிளா?" என்று கிண்டல் செய்தவர்களுக்கெல்லாம் பொங்கலன்று ஆளுக்கொரு பூவைக் கொடுத்து வாயை அடைத்தாய்.

இந்த வருஷம் நான் போட்டிருக்கிறேன். புரட்டாசி பிறந்ததுமே உடைந்த சட்டியில் விதை தூவி, மழை அடிக்காமல் தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தேன். ஐப்பசி முதலில் மழை விட்ட ஒரு நாளில் நாற்றைப் பிடுங்கி நட்டேன். வேலியோரம் கம்புப் பயிர் இரண்டு வரிசை, தினைக்குருவிக்கு. புழு பொறுக்கிப் போட்டால் வந்து தின்ன கரிச்சானுக்கு ஒரு கொம்பும் நட்டிருக்கிறேன். "அவனுக்கு நாஷ்டா வச்சிட்டியா?" என்று கேட்பாயே, வைத்தாயிற்று.

ஆனால் மாமா, எனக்கு இன்னும் அதிர்ச்சி தீரவில்லை. நீ போன அதிர்ச்சி ஒன்று. நீ போன பிறகு தெரிந்துகொண்ட அதிர்ச்சி இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி உன்னிடம் சண்டை போடத்தான் இந்தக் கடிதம்.

அன்றைக்குக் காலையில் நீ தோட்டத்தில் குந்திக்கொண்டு, முட்டை அளவுக்கு வந்திருந்த பூக்களின் மேல் இலைகளை மடக்கி வாழைநாரால் கட்டிக்கொண்டிருந்தாய். வெயில் பட்டால் பூ மஞ்சளடிக்கும் என்றாய். "இன்னாய்யா, பனிக்கு மப்ளர் கட்டறியா?" என்று கேட்டேன். "உனக்கும் ஒண்ணு கட்டி வுடட்டா? வாயாவது மூடிக்கினு கெடக்கும்" என்றாய். அதற்கு நான் பதில் யோசித்து வைப்பதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு எஸ்டேட் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாய்.

சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே உன் கம்பெனி ஆட்கள் வேனில் வந்தார்கள். "அண்ணி, நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாரு. நெஞ்சப் புடிச்சிக்கினு அப்டியே உக்காந்துட்டாரு" என்றார்கள். உட்கார்ந்தால் கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டியதுதானே என்று நான் அவர்களைத் திட்டினேனாம். அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

சரி, சண்டைக்கு வருகிறேன். கூரையில் நாட்டு ஓட்டை இறக்கிவிட்டு சிமெண்ட் ஷீட் போட்டோமே, அந்தப் பழைய ஓடுகளைக் கிணற்றுப் பக்கத்து மூலையில் குவித்தாய். அதன் மேல் பனங்கட்டை, முள்ளு, காய்ந்த பூசணிக்கொடி. எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன்! "ஊடு மாதிரியா கீது? பாம்பு வந்து குடியேறப் போவுது" என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் வராது. ஓணான், தேரை, ஏதோ நாலு ஜீவன் இருந்துட்டுப் போவட்டுமே" என்றாய். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னாய், படுபாவி.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மண்வெட்டிக் கட்டையால் தரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவாய். மண் உதிர்க்கிறாய் என்று நினைத்தேன். நான் எவ்வளவு மக்கு பார்.

உன் கருமாதிக்குச் சொந்தமெல்லாம் வந்து இறங்கிவிட்டது. பின்னால் பெரிய அடுப்புப் போட இடம் வேண்டும் என்றார் சமையல்காரர். உன் தம்பி, சின்ன மாமா, "இந்தக் குப்பய மொதல்ல வாரிக் கொட்டணும்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகளை எடுக்க ஆரம்பித்தார். அவர் நாலு வரிசை எடுத்ததும் அது வெளியே வந்தது.

மாமா, துணி காயப்போடுகிற கொடி நீளத்துக்கு இருந்தது! சாரைப்பாம்பு. மஞ்சளும் பழுப்புமாக, என் கை தடிமனுக்கு, வழிந்துகொண்டே வருகிறது, முடியவே இல்லை. பெண்டுகள் அலறிக்கொண்டு திண்டாடினார்கள். சின்ன மாமா கடப்பாரையைத் தூக்கிவிட்டார். அது உன் காலிஃபிளவர் பாத்திக்குள் புகுந்து, நீ கட்டிய நாரெல்லாம் ஆட, நடுவில் நின்றுவிட்டது.

அப்போது பக்கத்து வீட்டு ராணி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் கத்தினாள். "ஐயோ, அடிக்காதீங்க! அது அண்ணன் வச்சிருந்தது! மூணு வருசமா அங்கதான் கீது. அதனாலதான் நம்ம பக்கம் எலியே இல்ல. இன்னாக்கா, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாதா! ராணிக்குத் தெரியும், அவள் புருஷனுக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியுமாம். உன் கூடவே படுத்து எழுந்தவளுக்குத் தெரியாது. புருஷன் செத்த வீட்டில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். உயிரோடு இருந்திருந்தால் உன்னை அன்றைக்கு உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன்.

ராணி சொன்னது சின்ன மாமா காதில் ஏறவில்லை. "பாம்புன்னா பாம்புதான், நவுருங்க" என்று கடப்பாரையை ஓங்கினார். உன் பூக்கள், உன் நார், அதற்கு நடுவில் தலையைத் தூக்கிப் பார்க்கிற அந்த ஜீவன். மூன்று வருஷமாக நீ எனக்குத் தெரியாமல் காப்பாற்றி வைத்தது அவர் காலடியில் இருந்தது. எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அடிக்காத சின்ன மாமா! அது உங்கண்ணன்!"

நான் சொன்னேன் மாமா, நானேதான் சொன்னேன். அது நீ இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். நீ போனால் போனதுதான். ஆனால் கருமாதி வீட்டில் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் எந்தக் கடப்பாரையும் இறங்காது என்பதும் எனக்குத் தெரியும். சின்ன மாமா கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா உன் அக்காவாச்சே, "தம்பி, பூவப் பாக்க வந்துட்டியாடா?" என்று மண்ணில் விழுந்து அழுதாள். யாரோ பால் கொண்டுவர ஓடினார்கள். அதற்குள் அது வேலியைத் தாண்டிப் போய்விட்டது.

போனது வரவேயில்லை. பின்னால் வயலெல்லாம் மனை போட்டுவிட்டார்கள் அல்லவா, அங்கிருந்த எலியெல்லாம் இங்கே வந்தது. பெருச்சாளி முள்ளங்கியை மண்ணுக்குள்ளேயே தின்றுவிட்டு இலையை மட்டும் எனக்கு நிறுத்தி வைத்தது. நீ கட்டிய பூக்களில் பாதியைக் குதறிவிட்டது. மருந்து வைக்கச் சொன்னார்கள். செத்த எலியைக் கோட்டான் தின்றால் கோட்டானும் சாகும் என்று நீ சண்டை போட்டது ஞாபகம் வந்தது, வைக்கவில்லை.

சித்திரை வெயிலில் உட்கார்ந்து, சின்ன மாமா வாரிக் கொட்டிய ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து நானே அடுக்கினேன். நான்! கரப்பான்பூச்சிக்கு நாற்காலி மேல் ஏறுகிறவள்! உன்னைத் திட்டிக்கொண்டேதான் அடுக்கினேன். கல்யாணமான புதிதில் "பாம்பு வந்தா எங்கம்மா ஊட்டுக்குப் போய்டுவேன்" என்று சொன்னேனாம், அதற்குப் பயந்துதான் நீ மறைத்தாய் என்கிறாள் ராணி. எங்கம்மா வீடு உன் அக்கா வீடுதானே மாமா? உன்னை விட்டு எங்கே போயிருப்பேன்? இதைக்கூட யோசிக்க மாட்டாயா?

நேற்றுக் காலையில் பூக்களுக்கு இலை கட்டப் போனேன். ஓட்டுக் குவியலின் மேல் வெள்ளையாக என்னவோ பனியில் நனைந்து கிடந்தது. பாம்பு உரித்த தோல். தலையிலிருந்து வால் வரை கிழியாமல் முழுசாக இருந்தது. கையிலிருந்த நார் கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை. ஓடத்தான் நினைத்தேன், ஓடவில்லை. அங்கேயே உட்கார்ந்து, நீ போன அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் அழுதேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பால் சொம்போடு வந்து நிற்பாள்.

அடுத்த வாரம் உன் தலைத்திவசம். படையலில் உன் காலிஃபிளவரைத்தான் வறுத்து வைக்கப் போகிறேன். ஒரு சத்தியமும் செய்கிறேன், கேட்டுக்கொள். நான் இருக்கிறவரை அந்த மூலையில் யார் கையும் படாது. பயம் போகவில்லை, போகும் என்று சொல்லவும் மாட்டேன். மண்வெட்டிக் கட்டையால் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, "சரோஜாதான் வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இனிமேல் போவேன். உள்ளே இருப்பது யார் என்று இப்போது எனக்கும் தெரியும் மாமா.

உன் அக்கா பெற்ற மகளும், உன் பெண்டாட்டியுமான,
சரோஜா