அம்மா கழற்றி வைத்த பெல்ட்

ஆர்.கே.புரம்,
15-11-1978

மதிப்பிற்குரிய ஜோதிலிங்கம் அவர்களுக்கு,

பெண் பார்த்துவிட்டுப் போனவருக்குப் பெண்ணே கடிதம் எழுதுவது முறையில்லை. மன்னிக்கவும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் முகத்தைப் பார்க்கவேயில்லை என்று உங்கள் அம்மா சிரித்தார்கள். வெட்கம்தான். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது என் அம்மாவின் முதுகை.

செப்டம்பரில் பஸ்ஸின் கடைசி சீட்டில் தூக்கிப்போட்டதில் அம்மாவுக்கு முதுகெலும்பில் ஒன்று நசுங்கிவிட்டது. வருஷக்கணக்காகச் செங்கல் சுமந்த உடம்பு, எலும்பு மெலிந்திருக்கிறதாம். இரும்புப் பட்டை வைத்த பெல்ட்டை மூன்று மாதம் கழற்றக் கூடாது, குனியவே கூடாது என்றார் டாக்டர். நீங்கள் வருமுன் அதைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

"மாட்டுக்குப் பூட்டின மாதிரி இதோட நின்னா, சீக்காளி வூட்டுப் பொண்ணுன்னு சொல்லிடுவாங்கடி. ரெண்டு மணி நேரந்தானே."

பாயில் உட்கார்ந்திருந்த உங்களுக்கெல்லாம் குனிந்து குனிந்து பலகாரம் வைத்தாள். உங்கள் ஆட்டோ திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அடுத்த எலும்பும் நசுங்கியிருக்கிறது. பலகைமேல் படுக்க வைத்திருக்கிறோம்.

மறைத்தது தப்பு. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

இப்படிக்கு,
பூங்கோதை

லக்ஷ்மிபாய் நகர்,
21-11-1978

அன்புள்ள பூங்கோதைக்கு,

கடிதம் கிடைத்தது. இன்னொரு முறுக்கு கேட்டு வாங்கியவன் நான்தான். மனசு சரியில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "பாவம்டா அந்தம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தையில கல்யாணம் வெச்சா அவங்கள யாரு பாத்துப்பாங்க? தருமபுரியில அவங்க தம்பி இருக்காராமே, அங்க அனுப்பிடலாமில்ல?" என்றார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஜோதிலிங்கம்

ஆர்.கே.புரம்,
24-11-1978

மதிப்பிற்குரிய ஜோதிலிங்கம் அவர்களுக்கு,

தருமபுரி வரை இரண்டு நாள் ரயில் குலுக்கலை இந்த முதுகு தாங்காது. போய்ச் சேர்ந்தாலும் மாமா எண்ணெய் போட்டு நீவிவிட ஆள் கூப்பிடுவார். அம்மா என்னோடுதான் இருப்பாள், கல்யாணத்துக்குப் பிறகும்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டால் போதும், "அவங்க வூட்டுத் தகவலாடி?" என்று எழப் பார்க்கிறாள். தோளைப் பிடித்துப் படுக்க வைக்கிறேன். ஆபீசில் டைப் அடிக்கும்போதும், இந்நேரம் எழுந்திருப்பாளோ என்று கை நின்றுவிடுகிறது. நாம் எழுதிக்கொள்வது அவளுக்குத் தெரியாது.

கேட்கத் தயங்கிக்கொண்டிருந்த ஒன்று. உங்கள் வீட்டில் வேண்டாம் என்று முடிவானால், அம்மாவின் முதுகைப் பற்றி அவள் காதுபட யாரும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். பெண் பிடிக்கவில்லை என்று சொல்லி அனுப்புங்கள்.

பூங்கோதை