காபியைக் குடியுங்கள்

அம்மான்
செவ்வாய்க்கிழமை, மதியம்

அன்புள்ள மைசூன் அக்காவுக்கு,

உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மாமா முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று நிஹாயா அண்ணி சொன்னார். ஸ்வீடனில் இன்னும் குளிர் விடவில்லையாமே. அவரைத் தனியாக மாடிப்படி இறங்க விடாதே. இங்கே வெயில் வந்துவிட்டது. பச்சைப் பாதாம் கடைக்கு வந்து, தீர்ந்தும் போயிற்று.

இதை அண்ணியின் கணினியில் தட்டுகிறேன். தொலைபேசியில் பேசலாம்தான். ஆனால் பேசினால் வகுப்பில் பேசுகிற குரல் வந்துவிடுகிறது. நீ கேட்பதற்கு முன்பே "எல்லாம் நல்லபடியா இருக்கு அக்கா" என்று சொல்லிவிடுகிறேன். எழுதும்போதுதான் அந்தக் குரல் கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

நான் கஸ்ஸானின் வீட்டிலிருந்து முன்திர் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். கோபித்துக்கொண்டு வந்தவள் என்று தெருவுக்கே தெரியும். ரொட்டிக் கடையில் என்னைக் கண்டதும் பேச்சு நிற்கிறது. வீட்டுக்கு வருகிற பெண்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அடிச்சாரா?" இல்லை. "வேற யாராவது...?" இல்லை. "குடி?" இல்லவே இல்லை. "பின்ன என்னம்மா?" நான் தேநீர் ஊற்றப் போய்விடுகிறேன். நேற்று அண்ணி மல்லுக்கட்டவே செய்தார். "உன் புருஷன் மாதிரி பொறுமையா பேசுறவன் எங்கடி கிடைப்பான்? உங்கண்ணன்கிட்ட பேசுறதும் ஃபிரிட்ஜ்கிட்ட பேசுறதும் ஒண்ணுதான். ஃபிரிட்ஜைத் திறந்தாலாவது வெளிச்சம் வரும்!" நானும் சிரித்தேன். சிரித்தால் வாதம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

உனக்காவது விளக்கிப் பார்க்கிறேன்.

எங்கள் தொழில் என்னவென்று உனக்குத் தெரியும். இனிப்புக் கடைக்கு மேலே அந்தக் கூடத்தில், "என்னால் முடியாது" என்று வருகிறவர்களை வேறு மாதிரி நினைக்க வைக்கிறோம். ஒருவர் சொல்கிற வாக்கியத்துக்குள்ளேயே ஒரு கதவு இருக்கும். சரியான கேள்வி கேட்டால் திறக்கும். "எல்லாரும் என்னை வெறுக்குறாங்க" என்று ஒருவர் சொன்னால் கஸ்ஸான் கேட்பார்: "எல்லாருமா? உங்க தெரு கறிக்கடைக்காரருமா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்த பிறகு அந்த "எல்லாரும்" பழையபடி திரும்பி வராது.

இது ஏமாற்று வேலை இல்லை அக்கா. நான் நம்புகிறேன், இப்போதும். என் செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு ஹனாதி என்று ஒரு விதவை வருகிறாள். பதினெட்டு வயதில் பள்ளி இறுதி தவ்ஜீஹி பரீட்சையில் தோற்றவள். "தவ்ஜீஹியில தோத்த மண்டை இது. இதுல ஒண்ணும் ஏறாது" என்பாள், ஏதோ இரத்த வகையைச் சொல்வதுபோல. ஒருநாள் அவளிடம் மக்லூபா எப்படிச் செய்வாள் என்று கேட்டேன். கத்தரிக்காய், கோழி, அரிசி, நீர் என்று சொல்லிக்கொண்டே வந்து, சட்டியைத் தட்டில் கவிழ்ப்பதற்கு முன் ஆறவிட வேண்டும் என்றாள். எவ்வளவு நேரம் என்றேன். "அது அரிசியைப் பொறுத்து. கோழியைப் பொறுத்து. சட்டியோட அடியைப் பொறுத்து." யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். "யாருமில்ல, ரெண்டு தடவை சரிஞ்சு போச்சு, மூணாவது தடவை தெரிஞ்சுது." "அப்போ ரெண்டு தடவை தோத்த கை அது" என்றேன். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம் மறுபடி பரீட்சைக்குப் பதிவு செய்திருக்கிறாள்.

ஆனால் அந்தக் கூடத்திலிருந்து ஒருவர் வீட்டுக்குப் போகலாம். நான் எங்கே போவது? வீட்டிலும் கஸ்ஸான்தான் இருக்கிறார். "களைப்பா இருக்கு" என்றால், "அந்தக் களைப்பு உன்னை எதுலேருந்து காப்பாத்துது, சுஹாத்?" என்பார். "தனியா இருக்கணும் போலிருக்கு" என்றால், "தனிமைன்னு சொல்றியா, உன்னோட நீயே இருக்கிற நேரம்னு சொல்றியா?" என்பார். குரலை உயர்த்தியதே இல்லை. நான் கோபப்பட்டால் "பார், எவ்வளவு சக்தி உனக்குள்ள!" என்று ரசிப்பார். அவர் நல்லவர் அக்கா. நான் வருந்துவதைப் பார்க்க அவருக்குத் தாங்காது. அதனால் நான் சொல்லும் எதையும் சொன்னபடியே அவர் விட்டதில்லை. கையில் வாங்குவார், கவிழ்ப்பார், அழகாக்கித் திருப்பித் தருவார். வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வேண்டும்.

அம்மா இறந்து மூன்றாம் நாள், துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு, நான் சமையலறையில் அழுதுகொண்டிருந்தேன். அவர் வந்து தோளைத் தொட்டு, "இழப்புன்னு ஏன் சொல்றே? அவங்க இனிமே வெளியே இல்ல, உனக்குள்ள இருக்காங்கன்னு சொல்லிப் பாரு" என்றார். சொல்லிப் பார்த்தேன். அழுகை நின்றுவிட்டது. அன்றைக்கு நின்றதுதான். அதன் பிறகு வரவே இல்லை. நீ விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது நான் உன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேனே, கவனித்தாயா?

போன மாதம் பெரிய கூட்டம். கூடம் நிரம்பி, பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். கஸ்ஸான் திடீரென்று, "துயரத்தை எப்படித் திருப்புவதுன்னு என் மனைவியே சொல்வாங்க" என்று என்னை மேடைக்கு அழைத்தார். ஏறினேன். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைதட்டினார்கள். கஸ்ஸானின் கண்களும் கலங்கியிருந்தன. என் கண் மட்டும் காய்ந்திருந்தது. கீழே இறங்கி, கைப்பையோடு வாடகைக் காரில் ஏறி, அண்ணன் வீட்டு முகவரியைச் சொன்னேன்.

இப்போது உன்னிடம் கேட்பதற்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜாஹா வருகிறது. கஸ்ஸானின் சித்தப்பா ஹாஜி அபூ ஃபவ்வாஸ் தலைமையில் பெரியவர்களெல்லாம் வருகிறார்கள், என்னைத் திரும்ப அழைத்துப் போக. காபி வைப்பார்கள். ஹாஜி அதைத் தொடாமல் பேசுவார். அண்ணன் "காபியைக் குடியுங்கள்" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, கேட்டு வந்ததைக் கொடுத்தாயிற்று. அதற்குமேல் நான் மறுத்தால் அது அண்ணன் சொல்லை மண்ணில் போடுவது. அண்ணன் சொல்லிவிடுவார். வந்தவர்களின் காபி ஆறிப்போவதை அவரால் பார்க்க முடியாது.

அண்ணன் உன் பேச்சைத்தான் கேட்பார். வெள்ளிக்கு முன் அவரை அழைத்து ஒன்றே ஒன்று சொல். அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன் சமையலறைக்கு வந்து என்னை ஒருமுறை கேட்கச் சொல். எனக்காக வாதாட வேண்டாம். என்னைக் கேட்டால் போதும்.

உன் தங்கை
சுஹாத்


அம்மான்
புதன்கிழமை, காலை

அன்புள்ள அக்கா,

இறைவன் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். நீ அண்ணனிடம் பேசினாய். அவர் வந்து கேட்டார்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். நாங்கள் பெண்கள் சமையலறையில். கதவு அரைவாசி திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. ஹாஜியின் முன்னால் காபி வைக்கப்பட்டது. அவர் தொண்டையைச் செருமி, "முன்திர், எங்க வீட்டு விளக்கு உங்க வீட்டுல எரியுது. அதைக் கேட்டு வந்திருக்கோம்" என்றார். யாரோ ஒரு கிழவர், "சீக்கிரம் சொல்லுப்பா, ஹாஜிக்குச் சர்க்கரை இருக்கு, காபி இல்லாம மயங்கிடுவாரு" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். கஸ்ஸான் பேசவில்லை. அவர் பேசாதது எனக்கு அதிசயமாக இருந்தது.

அண்ணன் எழுந்தார். "ஒரு நிமிஷம் மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அப்படி யாரும் செய்ததில்லை. அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அண்ணன் கதவருகே நின்று, வியர்த்த முகத்தோடு, "சுஹாத், அக்கா கேக்கச் சொன்னாங்க. கேக்குறேன். நான் என்ன சொல்லட்டும்?" என்றார்.

அக்கா, நான் பதில் தயாராக வைத்திருந்தேன். நாலு நாளாக. "போக விருப்பமில்லை" என்று சொல்ல வாய் திறந்ததும் எனக்குள்ளேயே கஸ்ஸானின் குரல், "விருப்பமில்லைன்னா, வேற எதுல விருப்பம்?" என்றது. "மூச்சு முட்டுது" என்று நினைத்தேன். "மூச்சு முட்டுதுன்னா, நீ பெரிசாகிட்டே, இடம் சின்னதாகிடுச்சு" என்றது. "பயமா இருக்கு." "பயம்தான் மாற்றத்தோட வாசல்." எதை எடுத்தாலும் அதன் மறுபக்கம் முதலில் வந்து நின்றது. அந்தப் பதில்களில் பாதி நானே மற்றவர்களுக்குச் சொன்னவை. நன்றாகச் சொன்னவை.

அண்ணன் காத்திருந்தார். அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். "சொல்லும்மா, காபி ஆறுது" என்றார் மெதுவாக. நான் தட்டைப் பிடித்தபடி தலை குனிந்து நின்றேன். அவர் முகம் இளகிவிட்டது. "சரிம்மா. புரிஞ்சுது" என்று என் தலையைத் தொட்டார். உனக்கு நினைவிருக்கும், என்னைப் பெண் கேட்டு வந்த அன்றைக்கு அப்பாவும் இப்படித்தான் கதவருகே வந்து கேட்டார். நான் இப்படித்தான் நின்றேன். பெண் பேசாமல் நின்றால் ஒப்புக்கொண்டாள் என்று நம் வீட்டில் அர்த்தம். அன்றைக்கு அது உண்மையாகவும் இருந்தது.

அண்ணன் திரும்பிப் போனார். "காபியைக் குடியுங்கள் ஹாஜி" என்று சொல்வது கேட்டது. கோப்பைகள் எழுந்த சத்தமும் கேட்டது. அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு குலவையிட்டார்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். காரில் கஸ்ஸான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்திர் உன்னைக் கேட்டானாமே. யாரும் கட்டாயப்படுத்தலை, நீயே தேர்ந்தெடுத்திருக்கே. அது எவ்வளவு பெரிய பலம் தெரியுமா?" என்றார். இர்பித் விடுதியிலிருந்து லுப்னாவும் அழைத்தாள். "அம்மா, நீங்களே சரின்னு சொன்னீங்களாமே. நிம்மதியா இருக்கு." பிள்ளையின் நிம்மதியை நான் என்ன சொல்லிக் கெடுப்பேன்? இனி யாரிடம் போனாலும் உன்னைக் கேட்டோமே என்பார்கள். உன்னிடம் கெஞ்சி வாங்கிய கேள்வி, அக்கா. கதவில் அதையே பூட்டாகப் போட்டுவிட்டேன்.

நேற்று வகுப்புக்குப் போனேன். ஹனாதி புத்தகப் பையை மேசைமேல் போட்டு, "என்னால முடியாது டீச்சர். விட்டுடுறேன்" என்றாள். மற்றப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். இப்போது பாருங்கள், ஒரு கேள்வி கேட்பார், அவள் சிரிப்பாள் என்று. என் நாக்கில் அந்தக் கேள்வி வந்தும் விட்டது. நான் கேட்கவில்லை. "சரி" என்று சொல்லி அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கீழே இனிப்புக் கடையில் கொதிக்கிற நெய்யின் வாசம் மட்டும் வந்தது. நெடுநேரம் கழித்து, "எங்க அண்ணன் மீன் கடையில என் புத்தகத்தைக் கிழிச்சு மீன் சுத்திக் குடுத்துட்டான். கிழவிக்கு எதுக்குடி படிப்புங்கறான்" என்று சொல்லி உடைந்து அழுதாள். நான் அதைக் கவிழ்க்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடியும்வரை அழுதாள். படிப்பாளா மாட்டாளா என்று தெரியாது. ஆனால் இத்தனை மாதங்களில் அவள் என்னிடம் சொன்ன முதல் சொந்த வார்த்தை அதுதான் என்று எனக்குப் பட்டது.

அவள் போன பிறகும் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். அம்மாவின் நினைவு வந்தது. கஸ்ஸான் விளக்கை அணைக்க வந்ததும் எழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டில் இருக்கமாட்டார். அப்போது அழை. நான் "நல்லா இருக்கேன் அக்கா" என்பேன். அதை எடுத்துக்கொள்ளாதே. ஆறுதல் சொல்லாதே, இதில் என்ன நல்லது இருக்கிறது என்று காட்டாதே. நான் பேசாமல் போனால் வைத்துவிடாதே. தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். பாத்திரம் கழுவு, மாமாவுக்குப் பருப்புச் சூப் வை, அந்தச் சத்தம் எனக்குக் கேட்கட்டும். எவ்வளவு நேரமானாலும் என் மௌனத்தைச் சரி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே. எனக்கு முதல் வார்த்தை வரக் கொஞ்சம் நேரமாகும்.

இறைவன் உன் சமையலறையில் அடுப்பை அணையாமல் வைக்கட்டும். உன் வீட்டில் இன்னும் ஓர் ஆளுக்குப் படுக்க இடம் இருக்கட்டும்.

உன் தங்கை
சுஹாத்