வேன் ஜன்னலுக்குத் தைத்த திரைகள்

இன்று காலை வேனின் திரைத்துணிகளைக் கழற்றித் துவைக்கப் போட்டேன். வாளியில் முக்குவதற்கு முன் ஒன்றை முகர்ந்து பார்த்தேன். உன் தலைவலித் தைலத்தின் வாடை இன்னும் இருந்தது. எனக்குள் ஏதாவது ஆகும் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. சோப்புத்தூளைப் போட்டேன்.

குவைத்தில் அடுத்தவர் வண்டியை ஓட்டியே வயதைக் கழித்துவிட்டு நான் ஊர் திரும்பியபோது நீ நகை கேட்கவில்லை, மாடிவீடு கேட்கவில்லை. "எனக்கும் கொஞ்சம் வண்டி ஓட்டுங்க. நானும் நாலு ஊரு பாக்குறேன்" என்றாய். பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கினோம். இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஆலங்குடி ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகைக் கட்டில் போட்டோம். அதன் அடியில் அடுப்புக்கும் அரிசி டப்பாவுக்கும் இடம். மேற்கே மலைப்பக்கம் போவதென்று பேச்சு. கட்டில் வேலை முடிந்த வாரத்தில்தான் உனக்கு வந்திருப்பது என்ன நோய் என்று தெரிந்தது.

மருந்து ஏற்ற ஏற்ற உன் விரல் நுனிகளும் பாதங்களும் மரத்துப்போயின. திரை தைக்கலாம் என்று தையல் மிஷினில் உட்கார்ந்தாய். பெடலில் கால் இருக்கிறதா இல்லையா என்றே உனக்குத் தெரியவில்லை. எழுந்துகொண்டு, "நீங்க ஒக்காருங்க" என்றாய்.

"எனக்கு என்ன தெரியும்?"

"அம்மாம் பெரிய லாரியெல்லாம் ஓட்டுனீங்க. இத ஓட்டத் தெரியாதா?"

உன் பழைய சேலைகளை எடுத்து வந்தேன். வேண்டாம் என்றாய். "வெளக்குப் போட்டா உள்ள இருக்குறது அம்புட்டும் தெரியும். நான் அதுக்குள்ளதான் உடுப்பு மாத்தணும்." புதுக்கோட்டைக்குப் போய் கீழ ராஜ வீதியில் தடித்த கருநீலத் துணி வாங்கி வந்தோம். வண்டி ஓடும்போது துணி ஆடக் கூடாது. அதனால் மேலும் கீழும் மடித்துத் தைத்து, இரண்டு மடிப்பிலும் சுருள் கம்பியைக் கோத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். எல்லாம் உன் யோசனை. முதல் துணியை நான் ஜன்னல் அளவுக்கே வெட்டிவிட்டேன். "மடிப்புக்குத் துணி யாரு தருவா?" என்று சிரித்தாய். அந்த ஒன்று மட்டும் ஒரு விரற்கடை குட்டையாகவே நின்றுவிட்டது.

"துணிய இழுக்காதீங்க, அதுவா போகும்" என்று சொல்லி என் கைமேல் உன் கையை வைத்தாய்.

"தொடுறது தெரியுதா?"

"தெரியல. சும்மா வச்சிருக்கேன்."

மருந்துக்கு இடையில் உடம்பு கொஞ்சம் தேறிய ஒரு வாரம், அறந்தாங்கி வழியாக மணமேல்குடிக்குப் போனோம். கடலைப் பார்த்துவிட்டு, "அலையே இல்ல. நம்ம திருவரங்குளத்துக் கொளம் மாதிரி கெடக்கு" என்றாய். களைப்பில் திரையை மூடிவிட்டுப் படுத்தாய். மீன் கூடையோடு வந்த ஓர் அம்மா என்னிடம், "ஆஸ்பத்திரி வண்டிங்களா? உள்ள யாருக்குச் சொகமில்ல?" என்று கேட்டார். நீ திரையை விலக்கி, முடி கொட்டிய தலையை வெளியே நீட்டி, "இல்லத்தா, ஊரு சுத்த வந்துருக்கோம். என்ன மீனு வச்சிருக்க?" என்றாய். அந்த மீனை நான் குழம்பு வைத்தேன். உன் நாக்குக்கு அப்போது ருசி கிடையாது. உப்பு சரியாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாய்.

அதற்குப் பிறகு அந்தக் கட்டிலில் நீ படுத்து வந்தது திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து, எல்லாம் முடிந்து, கடைசியாக. ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மருமகன் ஓட்டினார். மகள் உன் தலைமாட்டில் இருந்தாள். திரைகளையெல்லாம் மூடியிருந்தோம். குட்டையான துணிக்குக் கீழே வெயில் கோடாக நுழைந்து உன் முகத்தில் விழுந்தது. துணியை விரலால் இழுத்துப் பிடித்தபடியே வந்தேன். "அப்பா, அழுதுருங்கப்பா" என்றாள் மகள். "வெயில் படுது" என்றேன்.

அன்றிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். திடமான ஆள் என்கிறார்கள். திடமெல்லாம் இல்லை. உன் விரல்களுக்கு வந்த மரப்பு எனக்கு எங்கே வந்திருக்கிறது என்று தெரியவில்லை. பார்க்கப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும், வேனைக் கொடுத்துவிடுங்கள் என்கிறாள் மகள். கஷ்டமாக இருந்தால் தேவலை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

மத்தியானம் துணி காய்ந்ததும் மாட்டிவிட்டு, இன்ஜின் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று குடுமியான்மலை வரை ஓட்டிப் போனேன். டீக்கடைக்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "படுக்கையெல்லாம் போட்டு நல்லா வச்சிருக்கீங்க. குடும்பத்தோடயா வந்தீங்க?"

"இல்லங்க, தனியாத்தான். வீட்டுல தவறிட்டாங்க."

இதுவரை எனக்காக வேறு யாராவதுதான் அதைச் சொல்லி வந்தார்கள். என் வாயால் சொன்னது இன்றுதான் முதல் தடவை. குரல் சாதாரணமாகவே வந்தது. கைதான் தானாக வேன் கதவைப் பிடித்துக்கொண்டது. அவர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிப்போனது.

வரும் வாரம் மேற்கே கிளம்புகிறேன். ஆசையாக இருக்கிறது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நீ பார்க்க வேண்டும் என்று சொன்ன ஊர்களின் பெயர்கள் எனக்கு நினைவிருக்கின்றன. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். இப்போதைக்கு அவ்வளவுதான்.