விளக்குமாறு நட்ட ஆறு

அன்புள்ள இஞ்சாருங்கோ,

உயிரோடு இருந்தபோது உங்கள் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எழுதக் கை வருமா? மழை ஒருவழியாகப் பிடித்துவிட்டது. அணைக்கட்டுச் சங்கதியை உங்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

முதலில் நீங்கள் அடித்த கூத்தை நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன். நம் வயல்களுக்காக ஆற்றை மறித்துக் கட்டிய அணை, கடலோரக் களப்பிலிருந்து கருவாடு ஏற்றிவரும் வள்ளங்களையும், புதுவெள்ளத்தில் ஏறிவரும் மீன்களையும் சேர்த்து மறித்துவிட்டது. அணை வேலையைப் பார்த்த ஓவசியரான நீங்கள் அணையோரத்தில் சரிவாக ஒரு சீமெந்து வழி விட்டீர்கள். வள்ளம் போய்வந்தது, தண்ணீரின் வேகத்தில் மீன் ஏறவில்லை. கல் பதித்தீர்கள். மீன் ஏறிற்று, கருவாடு ஏற்றும் சூசையண்ணையின் வள்ளத்தின் அடி பிளந்தது.

மறுநாள் காலை, முற்றம் கூட்டிக்கொண்டிருந்த என் கையிலிருந்து விளக்குமாற்றைப் பறித்து, தலைகீழாகப் பிடித்து, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தீர்கள். "இஞ்சாரும், ஈர்க்கு வளைஞ்சு குடுக்குது. வள்ளம் மேலால போகும், மீன் இடையில நிண்டு இளைப்பாறும்" என்றீர்கள். கல்லைப் பெயர்த்த இடத்தில் நட, வீட்டிலிருந்த விளக்குமாறெல்லாம் ஆற்றுக்குப் போயிற்று. தீர்த்தம் எடுக்கிற ஆற்றில் விளக்குமாறு நடுவதா என்று ஊரே கொதித்தது. "புதுசு ஐயா, இன்னும் ஒரு குப்பையும் தொடேல்லை" என்று கோயில் ஐயரிடம் கூசாமல் சொன்னீர்களே, நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

நீங்கள் போனபிறகு ஈர்க்கை மாற்ற ஆளில்லை. தண்ணீரில் உக்கி உதிர்ந்துபோயிற்று. இந்த முறை மழையும் பிந்த, அந்த வழியால் தண்ணீர் வீணாகிறது, அடைத்துவிடுவோம் என்று வயல் செய்யும் கமக்காரர் கூட்டம் வைத்தார்கள். வாய்க்காலின் கடைசி வயல் நம்முடையது அல்லவா? நான்தான் முதலில் கை உயர்த்துவேன் என்று தலைவர் நினைத்திருந்தார்.

"அடைச்சா உமக்குத்தான், பிள்ளை, தண்ணி கூடுதலா வரும்" என்றார்.

எழும்பினேன். "என்ர வயல் காஞ்சா காயட்டும். அவர் திறந்த வழியை அடைக்காதேங்கோ. ஒரு மாரி பாருங்கோ" என்றேன். அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? நீங்கள் பக்கத்தில் நின்றீர்களா?

ஒரு மாரி தந்தார்கள். சூசையண்ணையின் மனைவி மரியம்மாவும் நானும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி, புது ஈர்க்குக் கட்டுகளை நட்டோம். முந்தநாள் தலைவர் பார்க்க வந்தார். சூசையண்ணை தடியூன்றி வள்ளத்தை ஏற்றினார். ஈர்க்கு படுத்து எழும்பியது. அதற்குள்ளிருந்து ஒரு விலாங்கு நெளிந்து மேலே போயிற்று, பின்னால் கெளிற்றுமீன்கள். தலைவர், "திறந்தே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை பிடிப்பதற்குள் நம் வயலில் பாதி கருகிவிட்டது. அடைத்திருந்தால் தப்பியிருக்கும். வயல் வரம்பில் குந்தியிருந்து அழுதேன், உங்களிடம் மறைப்பானேன்?

வயலை விட்டுவிட்டு ஆற்றையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று உங்களை எத்தனை நாள் ஏசியிருப்பேன்! நேற்று நம் மகள் ஆற்றங்கரைக்கே வந்து என்னை ஏசுகிறாள்: "அப்பா மாதிரி நீங்களும் இஞ்சயே நிண்டா சோறு ஆர் காய்ச்சிறது?"

அந்த ஏச்சு கேட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?

என் கைகால் இயங்கும்வரை, ஒவ்வொரு மாரிக்கு முன்னும் அந்த ஈர்க்கை நானே மாற்றுவேன். நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

என்றும் உங்கள் மனிசி,
சிவகாமி